‘பாண்ட்’: ஒரு சொல், பல கட்டுகள்

ஆங்கிலத்தின் சிறு சொற்கள் சில, நம் அன்றாடப் பேச்சில் கலந்து தமிழ்ச் சொற்களைப்போலவே வழங்கி வருகின்றன. அவற்றுள் ஒன்று ‘பாண்ட்’. வேலைக்குச் சேரும் இளைஞர் ‘பாண்ட்’ எழுதிக் கொடுக்கிறார். நீதிமன்றத்தில் ‘பாண்ட்’ கொடுத்துவிட்டு ஒருவர் சிறையிலிருந்து வெளியே வருகிறார். சேமிப்பை ‘பாண்ட்’ வாங்கி வைக்குமாறு முகவர் அறிவுரை கூறுகிறார். கொத்தனார் செங்கல் வரிசையை ‘பாண்ட்’ பார்த்து அடுக்குகிறார். வேதியியல் ஆசிரியர் இரண்டு அணுக்களுக்கு இடையே ஒரு கோட்டை வரைந்து, அதற்கும் இதே பெயரைச் சொல்கிறார். எழுதுபொருள் கடையில் வெள்ளைத் தாளுக்கும் இதுதான் பெயர்.

பொருளியல் கற்பித்த ஆண்டுகளில், கடன்பத்திரம் குறித்த பாடத்தை இச்சொல்லின் பல பொருள்களைச் சொல்லித்தான் தொடங்குவேன். விலைக்கும் வட்டிக்கும் உள்ள தொடர்பை மாணவர்கள் விரைவில் புரிந்துகொண்டுவிடுவார்கள். ஆனால், வகுப்பில் யாராவது ஒருவர் தவறாமல் ஒரு கேள்வியை எழுப்புவார்: ‘கொத்தடிமைத் தொழிலாளரைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரிலும் இதே சொல் வருகிறதே, செல்வந்தர் வாங்கும் பத்திரத்துக்கும் ஏழையின் அடிமைத்தனத்துக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது?’ இதற்கு விடை தேடினால் மொழி வரலாறு, சட்டம், பொருளாதாரம் ஆகிய மூன்றையும் தொட வேண்டியிருக்கும்.

முதலில் சொல்லின் பிறப்பு. ‘கட்டு’, ‘தளை’ என்னும் பொருளில் வழங்கும் ‘பாண்ட்’, கட்டுதலைக் குறிக்கும் பழைய ஜெர்மானிய வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. பட்டையாகக் கட்டுவதைக் குறிக்கும் ‘பேண்ட்’, கட்டு என்னும் வினையான ‘பைண்ட்’ ஆகியவை அதன் உடன்பிறப்புகள். அந்த வேர், வடமொழியின் ‘பந்த்’ என்னும் வேரோடு ஒரே மூலத்தைக் கொண்டது என்பது மொழியியலாளர் ஏற்றுக்கொண்ட முடிவு. நாம் நாள்தோறும் கையாளும் பந்தம், சம்பந்தம், நிபந்தனை, பந்துக்கள் ஆகிய சொற்கள் எல்லாம் அந்த வடமொழி வேரிலிருந்து தமிழுக்கு வந்தவை. ஆக, லண்டன் பங்குச் சந்தையில் விற்கப்படும் ‘பாண்ட்’டும், நம் வீட்டுத் திருமண அழைப்பிதழில் அச்சாகும் ‘பந்து மித்திரர்’களும் மிகத் தொலைவில் உறவினர்.

ஆங்கிலத்தில் இதே எழுத்துகளைக் கொண்ட இன்னொரு பழஞ்சொல்லும் உண்டு. அதற்கு வேர் வேறு. வடக்கு ஐரோப்பியரின் பழைய நார்ஸ் மொழியில் ‘போண்டி’ என்றால் சொந்த வீடும் நிலமும் உடைய குடியானவர். ‘குடியிருத்தல்’ என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. கணவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பின்பாதியில் அந்தக் குடியானவர் இன்றும் இருக்கிறார். ‘வீட்டுக்கு உடையவர்’ என்பதே அச்சொல்லின் பழம்பொருள். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, நிலமானிய முறை இறுகியது. சுதந்திரமாக உழுது வாழ்ந்த குடியானவர்கள், பிரபுவின் நிலத்தைவிட்டு அகல முடியாத பண்ணையாள்களாகத் தாழ்ந்தனர். மனிதர் தாழ்ந்தபோது அவரைக் குறித்த சொல்லும் தாழ்ந்தது. வீட்டுக்கு உடையவரைக் குறித்த சொல், பிறருக்கு உடைமையானவரைக் குறிக்கலாயிற்று. அடிமைத்தனத்தைக் குறிக்கும் ‘பாண்டேஜ்’ இதிலிருந்து பிறந்தது. ஒலி ஒற்றுமையால் பின்னாளில் இரண்டு சொற்களும் ஒன்றோடொன்று கலந்து, ‘கட்டுண்டவர்’ என்னும் ஒரே பொருளில் நின்றுவிட்டன.

ஆங்கிலேயரிடையே ‘பாண்ட்’ என்பது குடும்பப் பெயராகவும் வழங்குகிறது. அது அந்தப் பழைய குடியானவர் விட்டுச்சென்ற பெயரே. இயன் பிளெமிங் 1953-இல் வெளியிட்ட ‘கசினோ ராயல்’ புதினத்தின் உளவாளிக்கு, மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகளைப் பற்றி நூல் எழுதிய அமெரிக்கப் பறவையியலாளர் ஜேம்ஸ் பாண்டின் பெயரை எடுத்துச் சூட்டினார். உலகம் சுற்றும் திரைநாயகனின் பெயருக்குள் நிலத்தோடு பிணைக்கப்பட்ட உழவர் ஒருவர் ஒளிந்திருக்கிறார்!

கட்டு என்பது எப்போதும் தீங்கானதன்று. கட்டடக் கலையில் ‘இங்கிலீஷ் பாண்ட்’ என்னும் முறையில், ஒரு வரிசைச் செங்கற்கள் நீளவாக்கிலும் அடுத்த வரிசை குறுக்குவாக்கிலும் வைக்கப்படும். ‘பிளெமிஷ் பாண்ட்’ முறையில் ஒரே வரிசையில் நீளமும் குறுக்கும் மாறிமாறி வரும். இரண்டின் நோக்கமும் ஒன்றே: மேல்வரிசையின் செங்குத்து இணைப்பு, கீழ்வரிசையின் இணைப்புக்கு நேர்மேலே அமையக் கூடாது. அப்படி அமைந்தால் சுவர் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். வேதியியலில் அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு, ஹைட்ரஜன் பிணைப்பு எனப் பல வகைகளைப் பாடநூல்கள் கூறுகின்றன. எலக்ட்ரான்களை ஓர் அணு இழந்து மற்றொன்று ஏற்பது ஒரு வகை. இரண்டும் பகிர்ந்துகொள்வது இன்னொரு வகை. செங்கல்லும் அணுவும் ஒன்றுக்கொன்று தாங்கி நிற்பதால்தான் சுவரும் நீரும் நிலைக்கின்றன. மனிதர்களுக்கு இடையே எழுதப்படும் கட்டுகளில் இந்தச் சமநிலை அரிதாகவே காணப்படுகிறது.

எழுதப்படும் ‘பாண்ட்’டின் பழைய வடிவம், நிபந்தனையோடு கூடிய வாக்குறுதி. ‘இன்ன நாளில் இன்னதைச் செய்யாவிட்டால் இவ்வளவு தொகை தருவேன்’ என்று முத்திரையிட்டு எழுதித் தருவது இங்கிலாந்தின் இடைக்கால வணிகத்தில் வழக்கமாக இருந்தது. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகம் முழுவதும் அத்தகைய பத்திரம் ஒன்றைச் சுற்றியே நடக்கிறது. மூவாயிரம் டுகாட் கடனுக்கு, தவணை தவறினால் கடன்பட்டவரின் உடலிலிருந்து ஒரு பவுண்டு தசை என்பது அதன் நிபந்தனை. பத்திரத்தின் எழுத்து, மனிதரின் உடல் வரை செல்லலாமா என்பதே அந்நாடகம் எழுப்பும் வழக்கு.

தமிழ் மரபும் இதை அறிந்தே இருந்தது. பெரியபுராணத்தில், சுந்தரரின் திருமணத்தைத் தடுத்த முதியவர், ‘இவன் எனக்கு வழிவழி அடிமை’ என்பதற்குச் சான்றாக ஓர் ஆளோலையைக் காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிட, திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலை காட்டப்பட்டு, பாட்டனாரின் கையெழுத்து ஒப்புநோக்கி உறுதி செய்யப்படுகிறது. பக்தி நெறியில் அது இறைவன் ஆட்கொண்ட அருட்செயல். பொருளியல் மாணவரின் கண்ணுக்கு அதில் வேறொன்றும் தெரியும்: பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டும் என்பதை ஓர் ஊரவை கேள்வியின்றி ஏற்றுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. கோயில்களுக்கும் மடங்களுக்கும் மனிதர் விற்கப்பட்டதைச் சோழர் காலக் கல்வெட்டுகளும் பதிவு செய்துள்ளன.

இனி, நிதிச் சந்தையின் ‘பாண்ட்’டுக்கு வருவோம். தமிழில் இது கடன்பத்திரம். அரசோ நிறுவனமோ பொதுமக்களிடம் கடன் பெற்று, குறித்த காலம்வரை வட்டியும், முதிர்வு நாளில் அசலும் தருவதாக எழுதித் தரும் உறுதி. நெதர்லாந்தின் லெக் ஆற்றுக்கரையைப் பேணிய நீர் வாரியம் 1648-இல் தோலில் எழுதி விற்ற பத்திரம் ஒன்று இன்றும் செல்லுபடியாகிறது. அதற்கு முதிர்வு நாள் கிடையாது. வட்டி மட்டும் என்றென்றைக்கும் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 2003-இல் அதை வாங்கி, 2015-இல் பன்னிரண்டு ஆண்டு வட்டியாக ஏறத்தாழ 136 யூரோவைப் பெற்றது. கடன் வாங்கியவர்களும் கொடுத்தவர்களும் மறைந்து மூன்றரை நூற்றாண்டுகள் கடந்த பின்னும் எழுத்து கட்டி நிற்கிறது. தரமான தாளுக்கு ‘பாண்ட் பேப்பர்’ என்று பெயர் வந்ததும் இதனால்தான். இத்தகைய பத்திரங்களை அச்சிடுவதற்கென உருவான, நெடுநாள் உழைக்கும் தாள் அது.

கடன்பத்திரத்தின் கணக்கு பலரையும் குழப்புவது. ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள பத்திரம் ஆண்டுக்கு 70 ரூபாய் வட்டி தருகிறது எனக் கொள்வோம். ஓராண்டுக்குப் பின் சந்தையில் வட்டி விகிதம் 8 விழுக்காடாக உயர்ந்துவிட்டால், ஆயிரம் ரூபாய்க்கு 80 ரூபாய் தரும் புதிய பத்திரம் கிடைக்கும்போது, 70 ரூபாய் தரும் பழைய பத்திரத்தை யாரும் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கமாட்டார்கள். அதன் விலை இறங்கும். முதிர்வே இல்லாத பத்திரமாக இருந்தால் விலை 875 ரூபாய்க்கு வந்து நிற்கும். 875-க்கு 70 ரூபாய் என்பதுதான் 8 விழுக்காடு. முதிர்வுக்கு ஓராண்டே உள்ள பத்திரமானால் ஏறத்தாழ 991 ரூபாய்க்கு மட்டுமே இறங்கும். வட்டி விகிதம் ஏறினால் பத்திர விலை இறங்கும். முதிர்வுக் காலம் நீண்டிருந்தால் இறக்கமும் பெரிதாக இருக்கும். முதிர்வு வரை காத்திருப்பவர் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. இடையில் விற்க நேர்பவர்தான் இழப்பைச் சந்திப்பார்.

இந்தக் கணக்கைவிட முக்கியமானது, கடன் பெறுபவர் யார், எந்த நிபந்தனையில் பெறுகிறார் என்பது. ‘கடன்பத்திரம்’ என்ற பெயரைக் கேட்டதும் வைப்புநிதி போன்ற பாதுகாப்பு உண்டு எனப் பலர் எண்ணிவிடுகின்றனர். 2020 மார்ச்சில் யெஸ் வங்கி மறுசீரமைக்கப்பட்டபோது, அதன் வைப்பாளர்களின் பணம் காக்கப்பட்டது. ஆனால், கூடுதல் மூலதனத்துக்காக வெளியிடப்பட்ட சுமார் 8,400 கோடி ரூபாய் மதிப்புள்ள ஒருவகைக் கடன்பத்திரங்கள் மதிப்பற்றவையாக எழுதித் தள்ளப்பட்டன. சிறு சேமிப்பாளர்கள் பலரும் அதில் சிக்கினர். வழக்குகள் நீதிமன்றங்களுக்குச் சென்றன. நெருக்கடியில் வங்கியை மீட்க முதலில் பலியாவது இப்பத்திரமே என்பது அதன் நிபந்தனைகளிலேயே இருந்தது. பெயரை மட்டும் படித்தவர்கள் அதைப் படிக்கவில்லை.

பெயர் பொருளை மறைத்த இன்னோர் எடுத்துக்காட்டு ‘தேர்தல் பத்திரம்’. 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு, பாரத ஸ்டேட் வங்கி மூலம் விற்கப்பட்ட இதற்கும் ஆங்கிலத்தில் ‘பாண்ட்’ என்றே பெயர். இதில் வட்டி இல்லை. வாங்கியவருக்கு அசல் திரும்புவதும் இல்லை. 15 நாள்களுக்குள் அரசியல் கட்சி பணமாக்கிக்கொள்ளும் நன்கொடைச் சீட்டு அது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வாக்காளரின் அறியும் உரிமைக்கு எதிரானது என்று கூறி அத்திட்டத்தைச் செல்லாததாக்கியது. தங்கப் பத்திரம் வேறு வகை. 2015 நவம்பரில் தொடங்கிய அத்திட்டத்தில், முதிர்வுத் தொகை தங்கத்தின் விலையோடு கட்டப்பட்டிருந்தது. வெளிநாட்டில் விற்கப்பட்டாலும் இந்திய ரூபாயில் மதிப்பிடப்படும் கடன்பத்திரத்துக்கு ‘மசாலா பாண்ட்’ எனப் பெயர். அதில் ரூபாயின் மதிப்பு சரிந்தால் இழப்பு கடன் கொடுத்தவருக்கு. ஒரே பெயரின் கீழ், பொறுப்பு ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொருவர் தலையில் விழுகிறது.

அரசின் கடன்பத்திரத்தில் கட்டுண்டவர் அரசு என்று சொன்னாலும், சுமப்பவர் வரி செலுத்தும் குடிமகனே. 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி ரூபாய். செலவிடப்படும் நான்கு ரூபாயில் ஏறத்தாழ ஒரு ரூபாய் பழைய பத்திரங்களுக்கான வட்டி. கடன் வாங்குவது குற்றமன்று. அணையும் பாலமும் தந்த கடனை, அவற்றைப் பயன்படுத்தும் அடுத்த தலைமுறை சுமப்பதில் நியாயம் உண்டு. எதுவும் மிஞ்சாத செலவுக்கு வாங்கிய கடனை அவர்கள் தலையில் ஏற்றுவதில்தான் நியாயம் இல்லை.

பத்திரமும் அடிமைத்தனமும் ஒரே ஏட்டில் சந்தித்த வரலாறும் உண்டு. பிரிட்டன் 1833-இல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை இயற்றியது. அதற்காக 2 கோடி பவுண்டு இழப்பீடு வழங்கியது. அப்பணம் விடுதலை பெற்ற அடிமைகளுக்கு வழங்கப்படவில்லை. ‘உடைமை’யை இழந்த முதலாளிகளுக்கே வழங்கப்பட்டது. அதற்காக வாங்கிய கடன் பின்னாளில் நிரந்தரக் கடன்பத்திரங்களுக்குள் கலந்து, 2015-இல்தான் முழுமையாகத் தீர்ந்தது. அதாவது, அடிமைகளின் வழித்தோன்றல்களான பிரிட்டன் குடிமக்களும் அந்த முதலாளிகளுக்கான கடனை வரியாகச் செலுத்தியிருக்கிறார்கள்.

விடுதலையான அடிமைகளுக்கு மாற்றாக, 1834 முதல் மொரீஷியஸுக்கும், 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் இந்தியத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களில் தமிழர் பெருந்தொகையினர். அவர்கள் கைநாட்டு வைத்ததும் ஒரு ‘பாண்ட்’தான். ஒப்பந்தத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அவர்கள் நாவில் ‘கிர்மிட்’ ஆகி, அவர்களே ‘கிர்மிட்டியர்’ ஆயினர். வேலையைவிட்டு நீங்கினால் அது ஒப்பந்த மீறல் என்னும் அளவில் நிற்காது. சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும்.

அந்த முறை மறைந்துவிட்டது. அதன் சாயல் மறையவில்லை. செங்கல் சூளையிலும் கல் குவாரியிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் இடங்களிலும் ‘முன்பணம்’ என்ற பெயரில் சில ஆயிரங்களைப் பெற்று, குடும்பத்தோடு ஆண்டுக்கணக்கில் சிக்கிக்கொண்டவர்கள் மீட்கப்படும் செய்திகள் தமிழகத்திலிருந்தும் வந்துகொண்டிருக்கின்றன. மீட்கப்படுபவர்களில் இருளர் போன்ற பழங்குடியினர் பலர். கொத்தடிமைத் தொழிலாளர் முறையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. கடனுக்கு ஈடாக உழைப்பு என்பதோடு, முன்பணத்தின் பேரில் வேறு வேலைக்குச் செல்லும் உரிமையையோ, ஊர்விட்டு ஊர் செல்லும் உரிமையையோ பறித்தாலும் அது கொத்தடிமைமுறையே என்கிறது அச்சட்டம். அத்தகைய கடன் சட்டப்படி அடியோடு அழிந்துவிடுகிறது. தொழிலாளி அதைக் கொத்தடிமைக் கடன் என்று கூறினால், அப்படி அன்று என மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று 1982-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நடைமுறை எங்கே நிற்கிறது? 2030-க்குள் 1.84 கோடிக் கொத்தடிமைகளை மீட்பது என்று 2016-இல் மத்திய அரசு இலக்கு அறிவித்தது. 1978 முதல் அரசுக் கணக்கில் மீட்கப்பட்டோர் 3 லட்சத்துக்குச் சற்று அதிகம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள தொலைவே நம் தோல்வியின் அளவு.

நீதிமன்றத்தின் ‘பாண்ட்’டிலும் ஏழைக்கும் வசதியுள்ளவருக்கும் இடையே இதே வேறுபாடு தெரிகிறது. 1978-இல் மோத்தி ராம் என்னும் கொத்தனாரின் வழக்கு உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. அவரைப் பிணையில் விட உத்தரவிட்ட பின்னும், 10,000 ரூபாய்க்குப் பிணையாளர் வேண்டும் என்று கீழமை நீதிமன்றம் கேட்டது. அவருடைய சகோதரர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுக்கப்பட்டது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணையில் அவரை விடுவிக்க ஆணையிட்டார். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிணையாளர் இல்லாமல் எழுதித் தரும் உறுதியையும், பிணையாளரோடு தரும் உறுதியையும் தனித்தனியே வரையறுக்கிறது. பிணையில் விடத்தக்க குற்றத்தில் கைதானவர் ஒரு வாரத்துக்குள் பிணையாளரைத் தர இயலாவிட்டால், அவரை வறியவராகக் கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது. இதை அறிந்த குடும்பங்கள் எத்தனை?

வேலைவாய்ப்பு ‘பாண்ட்’ இன்றைய இளைஞர்களை நேரடியாகத் தொடுவது. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், முதல் வேலைக்குச் சேரும்போது, அசல் சான்றிதழ்களையும் தொகை நிரப்பாத காசோலையையும் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, மூன்றாண்டுக்கு வேறு வேலை தேட அஞ்சிக் கிடந்தார். மேற்படிப்புக்கு இடம் கிடைத்தும் சான்றிதழ் கையில் இல்லாததால் அந்த ஆண்டு அது கைநழுவியது. அவர் கையெழுத்திட்ட தாளின் நகல்கூட அவரிடம் இல்லை.

இதில் சட்டத்தின் நிலையை அறிந்துகொள்வது நல்லது. பணிக்கால நிபந்தனை தன்னளவில் சட்டவிரோதமானதன்று. அரசு மருத்துவக் கல்லூரிகளில் உயர்படிப்பு பயின்றோர் கட்டாயமாகப் பணியாற்ற வேண்டும் என்னும் நிபந்தனையை 2019-இல் உச்சநீதிமன்றம் ஏற்றது. மூன்றாண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்னும் பொதுத்துறை வங்கி ஒன்றின் நிபந்தனையையும் 2025 மே மாதத்தில் செல்லும் என்றது. அதேவேளை, 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, பத்திரத்தில் எவ்வளவு தொகை எழுதப்பட்டிருந்தாலும் நியாயமான இழப்பீட்டையே பெற முடியும். எழுதிய தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே. பிணைப் பத்திரத்துக்கும் அரசின் ஆணைப்படி பொதுக் கடமைக்காகத் தரும் பத்திரத்துக்கும் அதே பிரிவு விலக்களிக்கிறது. அங்கே முழுத் தொகையும் செலுத்த வேண்டும். எந்த நிலையிலும், ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக ஒரு முதலாளியிடம் தொடர்ந்து வேலை செய்யுமாறு நீதிமன்றம் கட்டாயப்படுத்துவதில்லை. பத்திரத்தை மீறியவரிடம் பணம் கேட்கலாம். அவரையே பிடித்துவைக்க முடியாது.

இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. பெருநிறுவனம் கடன்பத்திரம் வெளியிட்டு நொடித்துப்போனால், அதன் உரிமையாளர்களின் பொறுப்பு அவர்கள் போட்ட முதலோடு முடிகிறது. திவால் சட்டம் அவர்களுக்கு வெளியேறும் வழியைத் தருகிறது. சூளைத் தொழிலாளியின் முன்பணத்துக்கோ அப்படி ஓர் எல்லை இல்லை. அது அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் பற்றுகிறது. கடனின் அளவு மிகச் சிறியதாக இருக்கும் இடத்தில்தான் கட்டு மிக இறுக்கமாக இருக்கிறது.

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்குவதை நாம் பிரித்துச் சொல்ல முடியும். சந்தையில் விற்பது கடன்பத்திரம்; நீதிமன்றத்தில் தருவது பிணைப் பத்திரம்; வேலைக்குத் தருவது பணி உறுதி ஒப்பந்தம்; அணுக்களுக்கு இடையே உள்ளது பிணைப்பு; உறவில் உள்ளது பந்தம்; சூளையில் நடப்பது கொத்தடிமை. இலங்கைத் தமிழர் அரசுக் கடன்பத்திரத்தைத் ‘திறைசேரி முறி’ என்கின்றனர். அந்நாட்டு மத்திய வங்கியின் 2015-ஆம் ஆண்டு ஏலம் குறித்த சர்ச்சை அங்கே ‘பிணைமுறி மோசடி’ என்றே பேசப்பட்டது. இத்தனை சொற்கள் இருக்க, எல்லாவற்றையும் ‘பாண்ட்’ என்றோ ‘பத்திரம்’ என்றோ சொல்லிவிடுவதால், எந்தக் கட்டில் கையெழுத்திடுகிறோம் என்பதே மறந்துபோகிறது.

எனவே, எந்த ‘பாண்ட்’ நம்முன் நீட்டப்பட்டாலும் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். இதில் கட்டப்படுபவர் யார்? எந்த அளவுக்குக் கட்டப்படுகிறார், பணத்துக்கா, காலத்துக்கா, உடலுக்கா? வாக்குத் தவறினால் முதலில் இழப்பவர் யார்? இதிலிருந்து வெளியேறும் வழி எது, அது எழுத்தில் உள்ளதா? இந்நான்குக்கும் விடை கிடைக்கும்வரை பேனாவைத் திறக்கத் தேவையில்லை. கையெழுத்திட்டால் ஒரு நகலைக் கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். அசல் சான்றிதழையும் நிரப்பாத காசோலையையும் எவரிடமும் ஒப்படைக்கக் கூடாது.

உயர்கல்வி முடித்து வெளியேறும் ஒவ்வொரு மாணவருக்கும் இவற்றை விளக்கக் கல்லூரிகள் ஒரு நாளை ஒதுக்கினால் போதும். கொத்தடிமைகள் குறித்து மாவட்ட அளவில் அமைக்கப்பட்டுள்ள கண்காணிப்புக் குழுக்கள், புகாருக்காகக் காத்திராமல் சூளைகளுக்கும் குவாரிகளுக்கும் சென்று பார்க்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு இந்த நான்கு கேள்விகள் துணை நிற்கும். எழுத்தறியாது பெருவிரலை அழுத்துபவருக்காக அவற்றைக் கேட்க வேண்டிய கடமை அரசுக்கும் நமக்கும் உண்டு.